தபசு காலத்து நடை

பிலோமின்ராஜ் மார்க்கெட்டில் விழுந்த செய்தி, அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே மனைவி லூர்துராணிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கிடைத்துவிட்டது. அங்கே அவள் ஆபரேட்டர். ஊர்க் கதை பாதி காதில் விழும் வேலைதான். தன் வீட்டுக் கதையும் ஒருநாள் அதே கம்பியில் வரும் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

பேசியது நாத்தனார் செல்வமேரி. காந்தி மார்க்கெட் வாசலில், வாழைத்தார் இறக்கும் இடத்தில், பட்டப்பகலில் தம்பி கால் பின்னி விழுந்தான் என்றாள். யாரோ தூக்கி உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தார்களாம். கொடுத்தவன், "இதுல எதையும் கலக்காம அப்படியே குடிப்பா" என்றானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். கட்டினவள் கேட்காமல் வேறு யார் கேட்பது என்று முடித்துவிட்டு போனை வைத்தாள்.

எண்பத்திரண்டு ஜூன் மாதம் அது. முந்தின வருஷம்தான் சாராயக் கடைகளைத் திரும்பத் திறந்திருந்தார்கள். தெருவில் ஓர் ஆள் தள்ளாடினால் காரணத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

பிலோமின்ராஜ் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். கொதிகலனுக்குப் போகும் குழாய்களை இணைக்கிற வேலை. ஒட்டு ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மயிரிழை ஓட்டை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருடைய ஒட்டு திரும்பி வந்ததே இல்லை என்று பெயர் வாங்கியிருந்தவர். மூன்று வருஷமாக உடம்பு கெட்டுக்கொண்டே வந்தது. முதலில் வயிறு. சாப்பிட்டது நிற்காது, ஆள் இளைத்தார். சீதபேதி என்றார் ஒரு டாக்டர், பூச்சி என்றார் இன்னொருவர், ரத்தம் போதவில்லை என்றார் மூன்றாமவர். அப்புறம் கால்களைப் பரத்தி வைத்து நடக்க ஆரம்பித்தார், ஓடுகிற பஸ்ஸுக்குள் நடப்பவரைப் போல. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைக் காலில் செருப்போடு வீட்டுக்கு வந்தார். பேச்சும் லேசாக இழுத்தது. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

எல்லா டாக்டரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அரிசி மந்தம், ரொட்டி கொடுங்கள், ரவைக் கஞ்சி கொடுங்கள், ராத்திரிக்குச் சப்பாத்தி கொடுங்கள். லூர்துராணி ஒரு வேளை தவறவில்லை. ரேஷன் கோதுமையைப் புடைத்து, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து மில்லுக்குக் கொண்டு போவாள். அரிசி அரைத்த மெஷினிலேயே தன் கோதுமையைக் கொட்டினால் அரிசி மாவு கலந்துவிடும் என்று மில்காரனோடு சண்டை போட்டு, முதலில் கொஞ்சம் கோதுமையை ஓட்டி வெளியே தள்ளிவிட்டுத்தான் அரைக்க விடுவாள். அந்தச் சண்டையில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இந்த வருஷம் தபசு காலத்துக்கு முன்னால் பிலோமின்ராஜ் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பொருத்தனை வைத்தார். சாம்பல் புதனில் ஆரம்பித்து ஈஸ்டர் வரை மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல், வேறு எதுவும் கிடையாது. இந்த உடம்புக்குக் கஞ்சியா என்று லூர்துராணி அழுதாள். அவர் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் வயிறு அடங்கியது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் மற்றவர்களோடு சேர்ந்து மரச்சிலுவையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பாலக்கரைத் தெருக்களைச் சுற்றி வந்தார், ஓரிடத்திலும் விழவில்லை. கோயில் பங்கு ஜனமே பார்த்தது. மாதா கண் திறந்துவிட்டாள் என்று லூர்துராணி நம்பினாள். ஈஸ்டரன்று கேக் வாங்கினாள். மெலிந்த உடம்பு தேற வேண்டுமே என்று மறுநாளிலிருந்து மூன்று வேளையில் இரண்டு வேளை சப்பாத்தி போட்டாள். மே மாதம் முடிவதற்குள் அவர் பழையபடி சுவரைப் பிடித்து நடந்தார்.

இதற்குச் செல்வமேரியிடம் விளக்கம் இருந்தது. பங்கில் குடிக்கிற ஆண்கள் தபசு காலம் முழுக்கத் தொடமாட்டார்கள். சாம்பல் பூசிய கையோடு நிறுத்திவிட்டு, ஈஸ்டர் சாயங்காலம் வட்டியும் முதலுமாகப் பிடித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"தபசு காலத்துல நேரா நடந்தான். ஈஸ்டர் முடிஞ்சதும் கோணிக்கிச்சு. இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும் ராணி?" என்றாள்.

லூர்துராணி எத்தனை தடவை யோசித்தும் இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மீது வாடை வந்ததில்லை என்பது உண்மை. ஆனால் காரைக்கால் பக்கமிருந்து வாடையே இல்லாத சரக்கு வருகிறது என்றும் சொன்னார்கள். அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்தாள். தூங்கும்போது குனிந்து மூச்சை முகர்ந்தாள். ஒன்றும் இல்லாதது நிம்மதியைத் தரவில்லை. இன்னும் எங்கே தேடுவது என்ற பரபரப்பைத்தான் தந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் அவரோடு வேலை பார்க்கும் ரசூல் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று பேசினான். பிலோமினைக் குழாய் ஒட்டுவதிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார்களாம். அவர் இதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"நான் அவன் வாயை மோந்தே பாத்துட்டேன் தங்கச்சி, ஒண்ணுமில்ல" என்றான் ரசூல். "ஆனா மேனேஜர் மோந்தெல்லாம் பாக்க மாட்டாரு. கம்பெனி உள்ள ஒரு தரம் விழுந்தான்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அதற்கப்புறம் அவளால் உட்கார முடியவில்லை. வாரத்தில் சில நாள் அவர் தாமதமாக வருவதற்கு ரசூலோடு பேசிக்கொண்டிருந்ததாகத்தான் காரணம் சொல்வார். ரசூலோ நேரத்துக்கு வீடு போகிறவன். எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ரெங்கநாயகியிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஒருநாள் மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை மறைவில் நின்றாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பாலக்கரைக்குத் திரும்பாமல், தட்டுத்தடுமாறி ரோட்டைக் கடந்து ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். அவள் பின்வாசல் வழியாக ஏறினாள். பாலக்கரைக் கிறிஸ்தவனுக்கு ஸ்ரீரங்கத்தில் என்ன வேலை? தெரிந்தவர் கண்ணில் படாத ஒரு கடை. அல்லது ஒரு பெண். பாலத்தின் மேல் பஸ் போனபோது இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டாள். எது தேவலை என்று தீர்மானிக்க முடியவில்லை.

அம்மாமண்டபத்தில் இறங்கினார். கூட்டத்தோடு ஆற்றுப் படித்துறைக்குப் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீருக்கு இரண்டு படி மேலே, கல்லின் விளிம்பை ஒட்டி, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கையை ஊன்றி எழுந்தார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். பார்வை முழுக்கக் காலிலேயே இருந்தது.

மீனுக்குப் போடப் பொரி விற்றுக்கொண்டிருந்தவர் அவள் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அடிக்கடி வர்றாருங்க. ஏதோ வேண்டுதல் போல. விழுந்து விழுந்து முடிக்கிறாரு பாவம்" என்று மரியாதையாகச் சொன்னார். ஆற்றுக்கு அந்தக் கரையில் குடிகாரர். இந்தக் கரையில் பக்தர்.

அவள் இறங்கிப் போய் அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். அவர் திடுக்கிடவில்லை, அவரும் உட்கார்ந்துகொண்டார்.

"எத்தனை நாளா இது?"

"ஸ்டோர்ல போட்டதுலேர்ந்து. நேரா நடந்து பழகறேன். இங்க யாரும் நம்மள தெரிஞ்சவங்க கெடையாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயும் மோந்துதானே பாக்கறே." கோபமில்லாமல்தான் சொன்னார். காலை நீவிவிட்டுக்கொண்டே, "குடியா இருந்தாக்கூட நிறுத்திடலாம் ராணி. இதுல எதை நிறுத்தறதுன்னுதான் தெரியல" என்றார்.

மறுநாள் ரெங்கநாயகியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ரெங்கநாயகி ஸ்ரீரங்கத்துக்காரி, அவளுடைய அத்திம்பேருக்கு வேலூரில் டாக்டர்களைத் தெரியும். "டிரங்க் கால் போட்டுப் பேசுடி. லைன் கெடைக்கலேன்னா நம்மளத்தான் நாம திட்டிக்கணும்" என்றாள். அப்படித்தான் ஆகஸ்டில் இரண்டு பேரும் வேலூர் போனார்கள். மகள் ரோசரியைச் செல்வமேரி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்று செல்வமேரி தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

வேலூரில் ரத்தம் எடுத்தார்கள், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள், மூக்கைத் தொட்டு டாக்டர் விரலைத் தொடச் சொன்னார்கள். அவர் விரல் மூக்கை நெருங்க நெருங்க அதிகமாக ஆடியது. தலைமை டாக்டர் நடுவயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். ஒருநாள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த மூன்று வருஷத்தில் எப்போதாவது நன்றாக இருந்ததுண்டா என்று கேட்டார். லூர்துராணி தலையைக் குனிந்துகொண்டு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வதுபோல, தபசு காலத்தில் மட்டும் நேராக நடந்தார் என்றாள். அதனால்தான் எல்லோரும் அப்படிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னாள். எப்படிப் பேசுகிறார்கள் என்று டாக்டர் கேட்கவில்லை.

"அப்ப என்ன சாப்பிட்டாரு?"

"கஞ்சிங்க. வெறும் அரிசிக் கஞ்சி."

"அதுக்கு முன்னாடி? ஈஸ்டருக்கு அப்புறம்?"

லூர்துராணி சொன்னாள். ரொட்டி, ரவை, சப்பாத்தி. அதற்கு முன்னால் சின்ன வயதில் போர்டிங்கில் தினமும் அமெரிக்கக் கோதுமை உப்புமா என்று அவரும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னொரு தடவை தபசு காலம் இருக்க முடியுமா என்று கேட்டார்.

அதற்கு முன்பு ஒரு குழாயை விழுங்கவைத்துக் குடலிலிருந்து பொட்டளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். கோதுமையில் இருக்கிற ஒரு பசைச் சத்து இவருடைய உடம்புக்கு ஆகவில்லை என்றார் டாக்டர். உடம்பு அதோடு சண்டை போடுகிறது. சண்டை குடலில் ஆரம்பித்து, பின்மூளையில் நடையையும் கையையும் சமன் செய்கிற இடத்துக்குப் போயிருக்கிறது. கால் நரம்புக்கும் போயிருக்கிறது. வடக்கே கோதுமை தின்கிற ஊர்களில் இந்த நோயைப் பார்ப்பதுண்டு, அரிசி தின்கிற நம் பக்கத்தில் இது இருக்காது என்றுதான் தானே படித்ததாகவும் சொன்னார். "போனது எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். அதுக்குக் கோதுமை துளிகூட உள்ள போகக் கூடாது." மைதா, சேமியா, பிஸ்கட், ரஸ்க் எல்லாவற்றையும் விலக்கச் சொல்லிவிட்டு, எழுந்து போனவர் திரும்பி வந்து, கட்டிப் பெருங்காயத்திலும் மைதா கலக்கிறார்கள், ரசத்தில் போடாதீர்கள் என்றார்.

திரும்பி வரும் ரயிலில் லூர்துராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அரிசி ஒரு பொடிகூடக் கலக்கக் கூடாது என்று மில்லில் போட்ட சண்டை ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது.

"நான்தான் உருட்டி உருட்டிப் போட்டேன்" என்றாள்.

"நீ போடலேன்னா நானே கேட்டு வாங்கியிருப்பேன். எனக்குச் சப்பாத்தி பிடிக்கும்" என்றார் பிலோமின்ராஜ்.

ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, எட்டு மணிப் பூசை. கூட்டம் நிறைந்த பூசை அது. நன்மை வாங்க வரிசையில் நின்றபோது, முன்னால் சாமியார் கையில் வெள்ளை அப்பத்தைப் பார்த்த கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது. பீடத்தில் அது யேசுவின் சரீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் கன்னியாஸ்திரி மடத்தில் அதை எந்த மாவில் சுடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். எட்டி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது. வரிசையிலிருந்து விலகி, தூண்களைப் பிடித்துப் பிடித்து இடத்துக்குத் திரும்பினார். நன்மை வாங்காமல் திரும்புகிற ஆளைக் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமியார் மறுத்துவிட்டார் என்று அன்று மத்தியானமே பேச்சாகிவிட்டது.

பங்குச் சாமியார் விவரத்தைக் கேட்டு, ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கினார். அப்பம் இல்லாமல் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கலாம். யேசு அதிலும் முழுசாகவே இருக்கிறார். "என் பாத்திரத்துல அப்பத்துண்டு ஒண்ணைக் கிள்ளிப் போடறது முறை. அதனால உங்களுக்குன்னு தனியா ஒரு சின்னப் பாத்திரத்துல ஊத்தி வெச்சிடறேன்" என்றார். அந்த அளவுக்கு அவர் யோசித்திருந்தது லூர்துராணிக்கு ஆறுதலாக இருந்தது. பிலோமின்ராஜ் மட்டும் சிரித்துவிட்டார்.

"ஊரே என்னைக் குடிகாரன்னு சொல்லுது சாமி. நீங்க பீடத்து முன்னால நிக்கவெச்சு எனக்கு ஊத்தப் போறீங்க."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். விடியற்காலை முதல் பூசைக்கு வருவது. பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாங்கிக்கொள்வது. பக்கவாசல் வழியாகப் போய்விடுவது. இப்படியே மாதங்கள் ஓடின. வயிறு முற்றிலும் அடங்கியது, உடம்பில் சதை பிடித்தது, விழுவது குறைந்தது. வேலூர்ச் சான்றிதழைப் பார்த்த மேனேஜர் ஸ்டோர் வேலையை நிரந்தரமாக்கினார். ஆனால் தள்ளாட்டம் முழுசாகப் போகவில்லை, கை ஆடுவதும் நிற்கவில்லை. ஒட்டுகிற வேலை இனி இல்லை என்பதை அவர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். லூர்துராணி தினமும் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றைக்கு இன்று தேவலையா என்று தேடித் தேடி, எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் தவித்தாள்.

செல்வமேரிக்கு அந்தச் சாத்திய கதவு போதுமானதாக இருந்தது. உள்ளே சாமியார், இனி குடிக்க மாட்டேன் என்று தம்பியிடம் சத்தியம் வாங்குகிறார், ஒவ்வொரு வாரமும் அவன் உடைக்கிறான் என்றாள்.

அடுத்த வருஷம் மே மாதம் ரோசரிக்குப் புது நன்மை, முதன்முதலாக அப்பம் வாங்கும் நாள். பங்கு வழக்கப்படி, புது நன்மை வாங்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் நிற்க வேண்டும். பிள்ளை வாங்கியதும் அவர்களும் வாங்க வேண்டும். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்த நாளிலிருந்து வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் ரோசரிதான், அப்பா வராட்டி அத்தை நிக்கறேன்னு சொல்றாங்க, நிக்கட்டுமா என்று கேட்டாள். பிலோமின்ராஜ் எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் லூர்துராணி அவரிடம் கேட்டேவிட்டாள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பிள்ளையை விடுவதா?

"ஊருக்குப் பயப்படல ராணி. என் கையைப் பாரு." கையை நீட்டினார். "உள்ள ரூம்ல சாமியும் நானும் மட்டும். சிந்தினா துடைச்சுக்கலாம். அத்தனை பேரு முன்னால யேசுவோட ரத்தத்தைப் புள்ளை கவுன்ல சிந்திட்டேன்னா?"

அவள் சாமியாரிடம் போய் இதைச் சொன்னாள். அவர் பதிலை அப்படியே கொண்டுவந்தாள். "உங்க கை வேணாமாம். வாய் மட்டும் வந்தாப் போதுமாம்."

ஞாயிறு காலை அவர் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

எட்டு மணிப் பூசை. ரோசரி அப்பத்தை வாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள். சாமியார் திரும்பி, பீடத்தின் மேல் தனியாக வைத்திருந்த சின்னப் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துவந்தார். கோயிலில் இருமல் சத்தம்கூட நின்றுவிட்டது. பிலோமின்ராஜ் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். கைகள் அங்கே ஆடுவது பின்னால் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. காலை அகட்டி வைத்து, தலையை நீட்டி வாயைத் திறந்தார். சாமியார் சாய்த்தார். ஒரு துளி சிந்தவில்லை. ஆமென் என்று அவர் சொன்னது கொஞ்சம் இழுத்தது. பெண்கள் பக்கம் யாரோ யார் காதிலோ ஏதோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. லூர்துராணி திரும்பிப் பார்க்கவில்லை. தன் முறை வந்தபோது அப்பத்தை விழுங்கினாளே தவிர, ஜெபம் எதுவும் சொல்ல வரவில்லை. அவர் இடத்துக்குத் திரும்பி உட்காரும் வரை அவர் காலையே பார்த்திருந்தாள்.

முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார்கள். வீட்டுக்கு முந்தின தெருமுனையில், டீக்கடைக்கு எதிரில், சாக்கடைமேல் போட்டிருந்த பலகையில் கால் இடறி இரண்டு முட்டியும் தரையில் பட விழுந்தார். வெள்ளை வேட்டி சேறானது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், "ஞாயித்துக்கிழமைன்னா காலையிலேயே ஆரம்பிச்சாச்சு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னான்.

லூர்துராணி திரும்பினாள். வேலூர், குடல், பின்மூளை, மில், மாவு எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது. தரையில் இருந்தபடியே பிலோமின்ராஜ் அவள் புடவையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆமாங்க, சாமியாரே ஊத்திக் குடுத்தாரு" என்றார் அந்த ஆளிடம். "கொஞ்சமாத்தான் ஊத்துனாரு."

பெஞ்சில் சிரித்தார்கள். சொன்னவனே எழுந்து வந்து ஒரு கை கொடுத்தான். ரோசரி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் லூர்துராணி சொன்னாள்: "நீங்களே அப்படிச் சொன்னா அவங்க நம்பிடுவாங்க."

"நம்பட்டும். விழுந்து கெடக்கும்போது முழுக் கதையும் சொல்ல எனக்கு மூச்சு இல்ல."

அவர் சாய்ந்தால் தாங்கிக்கொள்கிற தூரத்தில் அவள் பின்னால் நடந்தாள். இன்று காலை நடை நேற்றையதைவிடத் தேவலையா, மோசமா? பலகை இடறியதா, காலா? அடுத்த வாரம் மறுபடி விடியற்காலைப் பூசைக்கும் அந்தச் சாத்திய கதவுக்கும்தான் போவாரா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் நின்றார். சுவரில் கை வைத்துக்கொண்டு, வேட்டிச் சேற்றைத் தட்டிவிட்டார்.

"அடுத்த வாரமும் எட்டு மணிப் பூசைக்கே போயிடலாம்" என்றார். "கருக்கல்ல எந்திரிக்க முடியல."